கூடையைக் காலி பண்ணு

ஆன்லைனில் விமான மைல் சேர்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அடுத்த மூன்று மாதத்தில் வீட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான். பையனுக்கு ஷூ, மாமியாருக்கு வைட்டமின் மாத்திரை, காருக்கு டயர், பள்ளி திறக்கும்போது பைகள், ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டி. இதை ஒரு தாளில் எழுதுங்கள் என்பேன். சிலருக்கு முகம் வாடிவிடும். ஏதோ மந்திரம் சொல்லித் தருவேன் என்று வந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். வாங்கியே ஆக வேண்டியதை மட்டும் வாங்குவது, ஆனால் அந்தக் கடைக்குள் நுழையும் வாசலை மாற்றிக்கொள்வது என்பதற்கு மேல் இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மீதி எல்லாம் கைப்பழக்கம்.

நான் இருப்பது டெக்சஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில். விமான நிலையம் பக்கம். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைமையகம் ஃபோர்ட் வொர்த்தில். அதனால் இந்தப் பக்கத் தமிழர் வீடுகளில் ஆட்வான்டேஜ் கணக்கு இல்லாத வீடு குறைவு. அந்த நிறுவனம் 1981 மே மாதம் தொடங்கிய மைல் திட்டம் அது. இங்கிருந்து சென்னைக்குப் போக தோஹா வழி, துபாய் வழி, லண்டன் வழி என்று பாதைகள் உண்டு. எதில் போனாலும் குடும்பமாகப் போகிறவர்களுக்கு டிக்கெட் செலவு ஒரு வருடச் சேமிப்பைத் தின்றுவிடும். அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திடீரெனக் கிளம்ப வேண்டி வந்தால் அதற்கும் மேலே. இந்த வேலையை நான் கற்றுக்கொண்டதும், இன்னும் விடாமல் செய்வதும், பிறருக்குச் சொல்லித் தருவதும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இதில் புகழ்பெற்ற கதைகள் உண்டு. 1999-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சிவில் இன்ஜினீயர் 12,150 கப் புட்டிங் வாங்கி, அதன் பார்கோடுகளை அனுப்பிப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் மைல் பெற்றார். அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் நாணயங்களைத் தபால் செலவு இல்லாமல் வீட்டுக்கே அனுப்பிய காலத்தில், கிரெடிட் கார்டில் அவற்றை வாங்கி அப்படியே வங்கியில் கட்டி மைல் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2011 ஜூலையில் அதற்குக் கார்டை ஏற்பதையே நிறுத்திவிட்டார்கள். 2021 டிசம்பரில் சிம்ப்ளிமைல்ஸ் தளத்தில் கன்சர்வேஷன் இன்டர்நேஷனலுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு டாலருக்கு 240 மைல் என்று ஒரு சலுகை வந்து, கேள்விப்பட்டவர்கள் எல்லாம் ஓடிப் போனார்கள். எல்லாம் நடந்தவைதான். ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டு உந்தப்பட்டு வருகிறவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப் போவதையே பார்த்திருக்கிறேன். அடுத்த புட்டிங் எப்போது வரும் என்று காத்திருப்பது இந்த வேலை இல்லை. டயருக்கும் ஷூவுக்கும் வரும் மைல்தான் ஒரு குடும்பத்தை ஊருக்குக் கூட்டிப்போகிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டில் இருந்த ஒரு அக்கா. பொள்ளாச்சிக்காரர். ஊரில் வங்கியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக இங்கே வந்தவர். இங்கே வேலை பார்க்க அவருக்கு விசா அனுமதி இல்லை. கணக்குப் பழகிய கை சும்மா இருக்காது, இல்லையா? அந்தக் கையை அவர் மைலில் போட்டார். அவரிடம் நீளவாக்கில் ஒரு நோட்டு இருந்தது. தேதி, கடை, வரி போக எவ்வளவு, டாலருக்கு எத்தனை மைல், ஆர்டர் எண், பெண்டிங் ஆன தேதி, போஸ்ட் ஆன தேதி என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பார். பால்காரர் கணக்கை நாட்காட்டியில் குறிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் அன்றன்றைக்கே எழுதிவிடுவார். மைல் விழுந்ததும் அந்த வரியின் ஓரத்தில் பச்சை மசியில் ஒரு டிக். பச்சை விழாத வரிகள் மாதக் கடைசியில் தனியாகத் தெரியும்.

முதன்முறை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது, ஒரு கடையின் தளத்தில் நான்கு பொருள்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, இப்போது மைல் தளத்துக்குப் போகலாமா என்றேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கூடையக் காலி பண்ணு கண்ணு."

"இதையேதானே அக்கா வாங்கப் போறோம்?"

"வாங்கறது அதேதான். வந்த வழி வேற. எல்லாத்தையும் எடுத்துப்போடு, கடைய மூடு. மொதல்ல நம்ம வாசலுக்குப் போ, அங்கிருந்து கடைக்குள்ள வா. அப்புறம் ஒண்ணொண்ணா எடு."

இதன் காரணத்தை அவர் பிறகு விளக்கினார். அதை விளக்கிவிட்டு மேலே போகிறேன். ஏனென்றால் இந்த வேலையின் அடிப்படையே அதுதான்.

கடைக்காரர்கள் தங்கள் தளத்துக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்குக் கமிஷன் தருகிறார்கள். விமான நிறுவனத்தின் ஷாப்பிங் தளம், அதாவது போர்ட்டல், அப்படி ஆள் அனுப்பும் ஒரு தரகர். நீங்கள் அங்கே உள்நுழைந்து கடையின் பெயரை க்ளிக் செய்யும்போது, இந்த ஆளை நான்தான் அனுப்பினேன் என்ற அடையாளம் உங்கள் ப்ரௌசரில் ஒரு குக்கீயாக ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் பணம் கட்டியதும் கடை அந்த அடையாளத்தைப் பார்த்துப் போர்ட்டலுக்குக் கமிஷன் கொடுக்கிறது. போர்ட்டல் அதில் ஒரு பங்கைக் கொண்டு விமான நிறுவனத்திடம் மைல் வாங்கி உங்கள் கணக்கில் போடுகிறது. யாரும் இனாமாக எதுவும் தரவில்லை. மைல் என்பது விமான நிறுவனம் விலைக்கு விற்கும் சரக்கு. அந்தச் சரக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று பெருந்தொற்றுக் காலத்தில் வெளியே தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020-இல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 500 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியது. டெல்டா 900 கோடி. 2021 மார்ச்சில் அமெரிக்கன் 1,000 கோடி. பறக்காத நாளிலும் வங்கிகளும் கடைகளும் மைல் வாங்கிக்கொண்டே இருந்ததால்தான் கடன் கொடுத்தவர்கள் அதை ஈடாக ஏற்றார்கள்.

குக்கீயில் ஒரு விதி இருக்கிறது. கடைசியாக யார் அனுப்பினாரோ அவருக்கே கமிஷன். முன்னாலேயே கடைக்குள் சுற்றி, விளம்பரத்தில் க்ளிக் செய்து, கூடையை நிரப்பி வைத்திருந்தால் அந்தப் பழைய தடங்கள் குழப்பும். சில கடைகள் ஏற்கனவே கூடையில் இருந்த பொருளுக்குக் கமிஷனே கொடுப்பதில்லை. போர்ட்டலிலிருந்து கிளம்பிப் பணம் கட்டும்வரை வேறு எந்தச் சந்திலும் நுழையக் கூடாது. அக்கா சொன்னதன் பொருள் இவ்வளவுதான். இதை அவர் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. எந்த வரிக்குப் பச்சை விழுந்தது, எதற்கு விழவில்லை என்று நோட்டைப் புரட்டிப் புரட்டித் தானே கண்டுபிடித்தது.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் இளம் பிள்ளைகள். என்னிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு தம்பி, நல்ல விலையில் லேப்டாப் வாங்கினான். போர்ட்டல் வழியாகவே போனான், கூடையும் காலியாகத்தான் இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில், கூப்பன் தேடித் தருகிற ஒரு ப்ரௌசர் நீட்சி எட்டிப் பார்த்து, உங்களுக்காகக் கூப்பன் தேடட்டுமா என்று கேட்டிருக்கிறது. அவனும் அழுத்தினான். கூப்பன் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கடைசி க்ளிக் அந்த நீட்சியுடையதாகிவிட்டது. பல வாரம் காத்திருந்தும் மைல் வரவில்லை. "நான் எல்லாம் சரியாத்தானே அக்கா செஞ்சேன்?" என்றான். சரியாகத்தான் செய்தான், கடைசி ஓர் அங்குலத்தைத் தவிர. அவன் கணினியில் அந்த நீட்சியை எடுக்கச் சொல்லவில்லை. மைலுக்கென்று தனியாக ஒரு ப்ரௌசரை ஏற்றிக்கொடுத்தேன். அதில் எந்த நீட்சியும் இல்லை, விளம்பரத் தடுப்பானும் இல்லை. இப்போது நான் கற்றுக்கொடுக்கும் முதல் கைவேலை அதுதான். சஃபாரி வைத்திருப்பவர்களிடம் கூடுதலாகச் சொல்கிறேன். 2017-இலிருந்து ஆப்பிள் அதில் பின்தொடரும் குக்கீகளைத் தடுத்துவருகிறது. ஆளுக்கு அது நல்லது, நம் மைலுக்குக் கெடுதல்.

ஃபோன் இன்னொரு பொறி. போர்ட்டலில் கடையின் பெயரைத் தொட்டதும், ஃபோனில் அந்தக் கடையின் ஆப் இருந்தால் அதுவாகத் திறந்துகொள்ளும். தடம் அங்கேயே அறுந்துபோகும். பெரிய தொகை என்றால் கணினியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

க்ளிக் செய்வதற்கு முன் அந்தக் கடைப் பக்கத்தின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். வரிக்கும் அனுப்பும் செலவுக்கும் மைல் கிடையாது. கிஃப்ட் கார்டு வாங்கினால் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பக்கத்தில் போடாத கூப்பனை வெளியிலிருந்து கொண்டுவந்தால் இல்லை என்று பல கடைகள் எழுதியிருக்கும். மின்னணுப் பொருள்களில் சில வகைகளை விலக்கியிருப்பார்கள். அமேசான் போன்ற பெரிய கடைகளை இந்தப் போர்ட்டல்களில் நீங்கள் காண்பதே அரிது. பொருளைத் திருப்பி அனுப்பினால் விழுந்த மைலையும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். அன்றைய விகிதம் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்து வைப்பதும் என் பழக்கம். காலையில் டாலருக்கு 8 என்று இருப்பது மாலையில் 2 ஆகிவிடும். எட்டுக்கு வாங்கினேன் என்று பிறகு சொல்ல சாட்சி வேண்டும்.

விகிதம் என்று வந்தபோது கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மைலை மைலாகவே பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். அதை ஒவ்வொரு முறையும் காசாக மாற்றிப் பார்க்க வேண்டும். இங்கிருந்து சென்னைக்குக் கத்தார் விமானத்தில் ஆட்வான்டேஜ் மைல் கொடுத்துப் போனால், எகானமியில் ஒரு வழிக்கு 40,000 மைல், அதோடு கொஞ்சம் வரி. அதே பயணத்துக்குப் பணமாகக் கட்டினால் 700 டாலர் என்றும், வரி 50 டாலர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 650-ஐ 40,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1.6 சென்ட் வருகிறது. கட்டணம் மலிவான மாதத்தில் அது ஒரு சென்ட்டாக இறங்கும். நான் கைக்கணக்குக்கு 1.4 என்று வைத்துக்கொள்கிறேன். இனி 200 டாலர் ஷூவைப் பாருங்கள். மைல் போர்ட்டலில் டாலருக்கு 4 என்றால் 800 மைல், அதாவது சுமார் 11 டாலர். அதே கடைக்கு ரொக்கம் திருப்பித் தரும் தளம் ஒன்றில் அன்றைக்கு 10 விழுக்காடு என்றால் கையில் 20 டாலர். ரொக்கத்தையே வாங்குங்கள். அதை ஒரு டப்பாவில் போட்டு டிக்கெட்டுக்கு வைத்துக்கொண்டால் போதும். இப்படிச் சொல்வதால் சில பேருக்கு என் மேல் வருத்தம். மைல் ஆசிரியர் மைலைக் கைவிடச் சொல்கிறாளே என்பார்கள். அக்கா அப்படித்தான் பழக்கினார். கடைக்குப் போகும் முன் எல்லாப் போர்ட்டல்களின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் தளங்கள் இருக்கின்றன, கேஷ்பேக் மானிட்டர் மாதிரி. ஒரு நிமிட வேலை.

இந்தக் கணக்கை மறக்கடிப்பது போனஸ் காலம். பள்ளி திறக்கும் முன்பும், தேங்ஸ்கிவிங் சமயத்திலும், கிறிஸ்துமஸுக்கு முன்னும், இவ்வளவு டாலருக்குப் போர்ட்டல் வழியாக வாங்கினால் இத்தனை ஆயிரம் கூடுதல் என்று அறிவிப்பார்கள். பட்டியல் எழுதி வைத்திருக்கிறவருக்கு இது அறுவடை. நான் ஷூவையும் பைகளையும் பெட்டியையும் அந்த வாரத்துக்கு ஒத்திப்போட்டு ஒரே அடியாக வாங்கிவிடுவேன். பட்டியல் இல்லாதவருக்கு இது பள்ளம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், டாலருக்கு 20 மைல் வந்தது என்று பூங்கொத்துகளாக அனுப்பித் தள்ளினார்கள். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அலுவலக மேலாளருக்குக்கூட அனுப்பினார்கள். மைல் வந்தது. அந்தப் பூவுக்குக் கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த மைலின் மதிப்பு இல்லை. அந்த வீட்டம்மாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டியபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். இப்போது அவர்தான் எங்கள் வட்டத்தில் கறாரான கணக்காளர்.

சர்வே எழுதி மைல் சேர்ப்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். யுனைடெட்டுக்கு ஒப்பீனியன் மைல்ஸ் கிளப், வேறு பல நிறுவனங்களுக்கு இ-ரிவார்ட்ஸ் என்று கருத்துக்கணிப்புத் தளங்கள் இருக்கின்றன. கால் மணி நேரக் கேள்விக்குச் சில பத்து மைல் கிடைக்கும். நேரத்தைக் காசாகப் பார்த்தால் கட்டாது. ஆனாலும் நான் அதை ஒதுக்கவில்லை. வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள், இரவில் குழந்தை தூங்கக் காத்திருப்பவர்கள், இவர்கள் கையில் இருப்பது நேரம்தான். அவர்கள் இதை ஒழுங்காகச் செய்தால் கணக்கு மெல்ல ஏறுகிறது. ஒழுங்காக என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாலு கேள்வி கேட்டுவிட்டு, நீங்கள் இந்தக் கணக்கெடுப்புக்குப் பொருந்தவில்லை என்று வெளியே அனுப்புவது இதில் தினசரி நடப்பு. அதற்காகச் சிலர் இல்லாத நாயை வளர்ப்பதாகவும் வாங்காத காரை ஓட்டுவதாகவும் பதில் சொல்லத் தொடங்குவார்கள். முந்தைய பதிலும் இந்தப் பதிலும் ஒத்துப்போகிறதா என்று அவர்கள் பார்க்கிறார்கள். நடுவே, கவனிக்கிறீர்களா என்று சோதிக்க, இந்தக் கேள்விக்கு மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு வரியைச் செருகி வைப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தை நேர்கோடாகக் குத்திக்கொண்டு போனால் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்த்ததும் போய்விடும். இதற்கெல்லாம் மேலாக, அந்தப் பதில்களை நம்பி யாரோ ஒரு மருந்தையோ குழந்தை உணவையோ பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். பொய் எழுதி மைல் வாங்கக் கூடாது. என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் போடும் ஒரே நிபந்தனை அது.

உணவக மைல் அதைவிடச் சுலபம். கார்டை ஒருமுறை ஆன்லைனில் பதிந்துவிட்டால், பட்டியலில் உள்ள உணவகத்தில் அந்தக் கார்டைக் கொடுக்கும்போது மைல் தானாக விழும். பல விமான நிறுவனங்களின் உணவகத் திட்டங்களை நடத்துவது ரிவார்ட்ஸ் நெட்வொர்க் என்ற ஒரே நிறுவனம். அதனால் ஒரு கார்டை ஒரு நேரத்தில் ஒரு திட்டத்தில்தான் வைக்க முடியும். இரண்டிலும் பதிந்தேன், இரண்டிலும் வரும் என்று எண்ண வேண்டாம்.

நம்மவர்களுக்கென்றே ஒரு இடைஞ்சல் இருக்கிறது, பெயர். நமக்கு அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அது கடைசிப் பெயராகும், சிலருக்கு முதல் பெயராகும், சிலருக்கு முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருக்கும். அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சடித்துவிடுவார்கள். வந்த புதிதில் அவசரத்தில் திறந்த மைல் கணக்கில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர், சர்வே தளத்தில் மூன்றாவது பெயர். சர்வே தளத்திலிருந்து மைலை மாற்றும்போது பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பிவிடும். பறந்த மைலும் ஏறாது. அக்கா இதற்கென்று ஒரு சனிக்கிழமை முழுவதையும் ஒதுக்கி, எங்கள் அடுக்ககத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து ஓர் எழுத்து பிசகாமல் ஒவ்வொரு கணக்காகச் சரி செய்து கொடுத்தார். விமான நிறுவனத்துக்குப் பாஸ்போர்ட் நகல் அனுப்பி மாற்ற வேண்டியவை சில மாதங்கள் இழுத்தன. ஒருவர்கூட அன்று அதை ஒரு வேலையாக மதிக்கவில்லை. அடுத்த வருடம் குடும்பமாக டிக்கெட் போட்டபோதுதான் அருமை தெரிந்தது.

பிறகு காத்திருப்பு. ஆர்டர் போட்ட சில நாளில் போர்ட்டலில் பெண்டிங் என்று காட்டும், பிறகு கணக்கில் போஸ்ட் ஆகும். சில கடைகள் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பிடித்துவைக்கும். ஹோட்டல், வாடகைக் கார் என்றால் பயணம் முடிந்த பிறகே. வரவில்லை என்றால் போர்ட்டலுக்குப் புகார் எழுத வேண்டும். அதற்கும் ஒரு கெடு உண்டு, அது தாண்டினால் பேச்சே இல்லை. இங்கேதான் நோட்டு பேசுகிறது. எந்த நாள், எந்த நேரம் க்ளிக் செய்தேன், ஆர்டர் எண், வரி போகத் தொகை, அன்றைய விகிதத்தின் படம், கடையின் உறுதி மின்னஞ்சல் என எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வைத்து அனுப்பினால் பெரும்பாலும் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறார்கள். ஏன் என் மைல் வரவில்லை என்று கோபமாக ஒற்றை வரி எழுதுகிறவர்களுக்கு, விவரம் அனுப்புங்கள் என்ற பதில்தான் வரும். அக்காவின் கடிதங்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். வங்கிக் கடிதம் மாதிரி இருக்கும். கடுமையான சொல் ஒன்று இருக்காது, விட்டுப்போன விவரமும் இருக்காது.

சேர்த்ததைப் பூட்டி வைக்கிறவர்களோடுதான் எனக்குப் பெரிய வாக்குவாதம். மைலுக்கு வட்டி கிடையாது, விலைவாசி மட்டும் உண்டு. 2015-இல் டெல்டா, இந்த ஊருக்கு இத்தனை மைல் என்று போட்டிருந்த அட்டவணையையே தூக்கிவிட்டது. 2019-இல் யுனைடெட். 2023-இல் அமெரிக்கனும் தன் சொந்த விமானங்களுக்கு அட்டவணையை எடுத்துவிட்டது, கூட்டாளி விமானங்களுக்கு மட்டும் இருக்கிறது. நேற்று போதுமாக இருந்த மைல் நாளைக்குப் போதாது. ஒரு டிக்கெட்டுக்குச் சேர்ந்ததும் அதைப் போட்டுவிடுங்கள். அமெரிக்கனில் மைல் கொடுத்துப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்தால் மைலைக் கட்டணம் இல்லாமல் திருப்பித் தருகிறார்கள், அதனால் முன்கூட்டியே போட்டுவைப்பதில் பயம் வேண்டாம். அவர்கள் தளத்தில் 331 நாள் முன்னதாகத் தேதி திறக்கும். பள்ளி விடுமுறைக்கும், சென்னையில் மார்கழிக் கச்சேரி நடக்கும் டிசம்பருக்கும், பொங்கலுக்கும் இருக்கை வேண்டும் என்றால் அந்த முதல் வாரத்திலேயே விழித்திருந்து பார்க்க வேண்டும். நான்கு பேருக்கு ஒன்றாகக் கிடைக்கவில்லை என்றால் இரண்டு இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த நாளில் போடுங்கள். லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸில் போட்டால் மைலோடு கூடுதல் கட்டணமும் கனமாக வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச்சிலிருந்து அமெரிக்கனில் போர்ட்டல் மைலும் அந்தஸ்துப் புள்ளியாகச் சேர்கிறது. 40,000 புள்ளி வந்தால் கோல்டு. இதைக் கேட்டதும் என்னிடம் வரும் பிள்ளைகளுக்குக் கண் பளபளக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவருக்கு அந்தக் கோல்டு எதற்கு? முன்னால் ஏறி உட்கார்ந்தாலும் அதே விமானம்தான் கிளம்பப் போகிறது. அதற்காகப் பட்டியலில் இல்லாததை வாங்காதீர்கள்.

கடைசியாக, தூங்கும் கணக்குகள். டெல்டா, யுனைடெட், சவுத்வெஸ்ட் மைல்களுக்குக் காலாவதி இல்லை. அமெரிக்கனில் 24 மாதம் கணக்கு அசையாமல் கிடந்தால் மைல் போய்விடும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் அவியோஸுக்கு 36 மாதம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் கணக்கு அசைந்தாலும் அசையாவிட்டாலும் மூன்று வருடம்தான். அமெரிக்கன் மாதிரியான கணக்கைக் காப்பாற்றப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். போர்ட்டல் வழியாக ஒரு பேனாக் கட்டு வாங்கினாலும் போதும், விழுகிற சில மைல் முழுக் கணக்குக்கும் இன்னொரு 24 மாதம் உயிர் கொடுக்கிறது. ஒரு முறை வந்து போன அப்பா அம்மாவின் கணக்கில்தான் இப்படிக் கேட்பாரற்று மைல் கிடக்கும். பறந்து வந்தபோது விழுந்தது, அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்க்காதது.

அக்கா இப்போது பொள்ளாச்சிக்கே போய்விட்டார். அவர் நோட்டின் கட்டங்களை நான் அப்படியே எக்செல்லில் வைத்திருக்கிறேன், பச்சை நிறம் உட்பட. கேட்கிறவர்களுக்கு அந்த ஃபைலைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதற்கு முன் இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். வீட்டில் யார் யாருக்கு மைல் கணக்கு இருக்கிறது என்று எழுதுங்கள், ஊரில் இருக்கும் பெற்றோரையும் சேர்த்து. ஒவ்வொன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் அசைந்தது, எத்தனை மைல் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் உங்கள் மூன்று மாதப் பட்டியலையும் வையுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தால் மீதியை உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.